ஒரு மில்லிமீட்டர்

"அளவு பொருந்தவில்லை. தரம் வழங்க இயலாது."

ஹார்லன் பெட்ராக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நடுவில் நின்று அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தார். பழைய கார்டுகளை அசலா என்று சோதித்துத் தரம் போடும் கம்பெனியிலிருந்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டு, தலையில் பத்துக்கு எட்டோ ஒன்பதோ மார்க் ஒட்டிக்கொண்டு வர வேண்டிய அவருடைய கார்டு, போன மாதிரியே மொட்டையாகத் திரும்பி வந்திருந்தது.

"மார்லிஸ், இங்க வா. இவனுங்க என்ன எழுதியிருக்கானுங்க பாரு."

அவர் மனைவி மார்லிஸ் மேஜையில் உட்கார்ந்து பேப்பரிலிருந்து தள்ளுபடிக் கூப்பன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "என்னவாம்?"

"அளவு பொருந்தலையாம்."

"உன் பேன்ட்டும்தான் பொருந்தல. அதுக்கு யாருக்காவது கடுதாசி போட்டோமா?"

ஹார்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. 1953இல் ஆக்ரன் ஊரில் விண்ட்லர் ரொட்டி வாங்கினால் பைக்குள் ஆட்டக்காரர் படம் போட்ட ஒரு பேஸ்பால் கார்டு இருக்கும். அப்படி வந்த லெஃப்டி ப்ரூபேக்கர் கார்டு இது. வேறு ஊரில் லெஃப்டி என்றால் யாரென்று கேட்பார்கள். ஆக்ரனில் அந்த இடக்கை ஆட்டக்காரனுக்காகப் பையன்கள் மூக்கு உடைத்துக்கொண்டார்கள். பையிலிருந்து கார்டை எடுத்தவன் அண்ணன் டுவைட். அன்றைக்கு ஏழு வயது ஹார்லனுக்குப் பொன்னுக்குவீங்கி. தாடை வீங்கிப் படுத்திருந்தான். டுவைட் படுக்கையோரம் வந்து, "இந்தா, நீயே வெச்சுக்கோ. செத்துட்டா திருப்பிக் குடுத்துடணும்" என்றான். தம்பி சாகவில்லை. டுவைட்தான் இருபத்து மூன்றாம் வயதில் வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். ஹார்லனிடம் அண்ணன் கொடுத்ததென்று மிச்சம் இருந்தது இந்தக் கார்டு ஒன்றுதான்.

அதைத் தரம் போட அனுப்ப வேண்டிய தலையெழுத்தும் அவர் தானே எழுதிக்கொண்டது. ஆக்ரன் கார்டுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சங்கத்தில் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தார். வருஷாந்தரக் கண்காட்சியில் கம்பெனி தரம் போட்ட கார்டைத்தான் வைக்கலாம் என்பது ஒன்று. யாருடைய கார்டாவது போலி என்று வந்தால் அவர் ஆயுளுக்கும் சங்கத்தில் இல்லை என்பது இரண்டு. "ஓரத்தை நறுக்கிப் புதுசு மாதிரி காட்டக் கார்டுல கத்தி வைக்கிறவன் பாக்கெட்ல கை வைக்கிறவனை விட மோசம்" என்று அன்றைக்கு மேஜையைத் தட்டிப் பேசினார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பாட்டு கேட்க வைத்த பிறகு ஒரு பையன் வந்தான்.

"மறுபரிசீலனைக்கு அனுப்புங்க சார். விளக்கம் ஏதாவது இருந்தா கூடவே வெச்சு அனுப்புங்க."

விளக்கமா? நான்கு பக்கம் எழுதினார். பொன்னுக்குவீங்கியிலிருந்து ஆரம்பித்தார். வக்கீல் முன்னிலையில் உறுதிமொழி வேறு: 'ரொட்டிப் பையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. எந்தக் கத்தியும் இதன் மேல் பட்டதில்லை.' மார்லிஸ் படித்துப் பார்த்து, "என்னைக் கட்டிக்கறப்போகூட நீ இவ்வளவு சத்தியம் பண்ணல" என்றாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. சும்மா இருந்திருந்தால் 'அளவு பொருந்தவில்லை'யோடு போயிருக்கும். கிளறிவிட்டதில், 'எங்கள் பெட்டகத்திலுள்ள அசலோடு ஒப்பிட்டதில் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடுதல். பிற்காலத்தில் அச்சிடப்பட்ட போலி' என்று வந்தது. கம்பெனியின் இணையதளத்தில் போலி அனுப்பியவர்கள் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் அவர் பெயரும் ஏறிவிட்டது.

சனிக்கிழமை சர்ச்சின் அடித்தளக் கூடத்துக்கு அவர் போனபோது காபி ஆறிக் கிடந்தது, யாரும் டோனட்டைத் தொடவில்லை. செயலாளர் ஓர்வில் ஸிங்க் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காத ஹார்லன். விதி உன்னுதுதான்."

"என் அண்ணன் குடுத்த கார்டுய்யா அது. உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியலையே. போன தடவை ஃப்ளாய்டு வந்து அழுதப்போ, 'கண்ணீரெல்லாம் செல்லாது, காகிதத்தைக் காட்டு'ன்னு சொன்னது நீதானே?"

ஹார்லன் சுற்றிலும் பார்த்தார். முப்பது வருஷம் கூட உட்கார்ந்து காபி குடித்த முகங்கள். ஒருத்தர் விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி. நான் வரேன்" என்று எழுந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஓர்வில், ரொம்பச் சங்கடத்தோடு. "நீக்கம்னா தலைவர்தான் சுத்தியலைத் தட்டி அறிவிக்கணும். அதுவும் உன் விதிதான்."

ஆகவே ஹார்லன் பெட்ராக் திரும்பி வந்து, சுத்தியலை எடுத்து, மேஜையில் மூன்று தரம் தட்டி, ஹார்லன் பெட்ராக்கைச் சங்கத்திலிருந்து ஆயுளுக்கும் நீக்குவதாக அறிவித்தார். யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மார்க்கெட் தெரு டோனட் கடைக்குப் போனார். மூலை மேஜையில் ஃப்ளாய்டு டட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான்கு வருஷமாக அவர் அங்கேதான் உட்காருகிறார். சங்கத்தின் புது விதியில் முதலில் அடிபட்டவர் அவர். அதுவும் விண்ட்லர் ரொட்டிக் கார்டுதான், அவர் அப்பா கொடுத்தது. அதற்கும் போலி என்று சீட்டு வந்தது. சுத்தியல் தட்டியது ஹார்லன்.

"உக்காரு" என்றார் ஃப்ளாய்டு. "விஷயம் காதுல விழுந்துச்சு. நாலு வருஷத்துல நான் வயிறாரச் சாப்பிட்டது இன்னிக்குத்தான்."

"திட்டு. நல்லாத் திட்டு. வாங்கிக்கறேன்."

"திட்டி என்னாகப் போவுது? எங்கப்பன் என்னை ஏமாத்திட்டான்னு நம்பிட்டேன்யா நான். உங்க எல்லார் மேலயும் இருந்த கோவத்துல, அந்தக் கார்டை இலை எரிக்கிற டிரம்முல போட்டுக் கொளுத்திட்டேன். அதுக்கப்புறம் கல்லறைப் பக்கமே போகல."

ஹார்லன் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உன்னுதுக்கு என்ன எழுதினானுங்க?"

"ஒரு மில்லிமீட்டர் அகலம் கூடன்னான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடப்பாவி" என்றார் ஹார்லன். "எனக்கும் அதேதான்! உன்னுது அசல்தான் ஃப்ளாய்டு. கம்பெனிக்காரன் அளவுதான் கோணல்."

ஃப்ளாய்டு கசப்பாகச் சிரித்தார். "அப்போ ஒண்ணு பண்ணு. அந்த ஒரு மில்லிமீட்டரை வெட்டிட்டு அனுப்பு. எட்டு மார்க் போடுவான்."

சும்மா குத்தலுக்குச் சொன்னதுதான். ஆனால் அது ஹார்லன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெட்டி அனுப்பி, கத்தி பட்டதுக்கு மார்க் போட்டான் என்றால், ஊரைக் கூட்டி அவன் மானத்தை வாங்கிவிடலாம். தன் பெயரும் திரும்பி வரும், ஃப்ளாய்டின் அப்பா பெயரும் திரும்பி வரும்.

மூன்று நாள் கார்டையும் கட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த டயர் ஆலையின் யூனியன் ஆபீசை மூடியபோது ஏலத்தில் எடுத்த பெரிய காகிதக் கட்டர் அது. நான்காம் நாள் மார்லிஸ் வந்து பக்கத்தில் நின்றாள்.

"டுவைட் கார்டாச்சே ஹார்லன்."

"டுவைட் பேரைக் காப்பாத்தத்தான் வெட்டறேன்."

"என்னமோ போ. வெட்டறதுன்னா அன்னிக்கு மாதிரி ஒரே அழுத்தா அழுத்து. தயங்கினா பிசிறும்."

"என்னிக்கு மாதிரி?"

"அதான், டயர் ஆலையை மூடின வருஷம். செத்துப்போன விண்ட்லர் ரொட்டிக்காரர் வீட்டுச் சாமானை வாங்கினப்போ அதோட வந்த முப்பத்திரண்டு கார்டையும் ஒரே கட்டா வெச்சு அழுத்தினியே."

"அது ஓரத்தை நேர் பண்ணினது. பிசிறா இருந்துச்சு. வீட்டுல அடுப்பு எரியல அப்போ."

"நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?" என்று அவள் போய்விட்டாள்.

ஹார்லன் அழுத்தினார். நூல் கனத்தில் ஒரு பட்டை சுருண்டு விழுந்தது. எழுபது வருஷம் யார் கையும் படாமல் காப்பாற்றிய கார்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பட்டையைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வைத்தார். அவர் பெயர்தான் பட்டியலில் இருக்கிறதே என்று மார்லிஸ் பெயரில் பார்சல் போயிற்று.

ஐந்தாவது வாரம் பெட்டி வந்தது. கனமான பிளாஸ்டிக்குக்குள் லெஃப்டி ப்ரூபேக்கர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். மேலே பளபளவென்று சீட்டு: 'அசல். திருத்தம் ஏதுமில்லை. 8.'

ஹார்லன் குதிக்காத குறை. உடனே ஃப்ளாய்டுக்குப் போன் போட்டார். "மாட்டினான்யா! சனிக்கிழமை க்ளீவ்லாண்ட் கார்டுச் சந்தைல அவனுங்க கடை போடறானுங்க. நீயும் வா. உங்கப்பாவுக்காக வா."

ஃப்ளாய்டு முன்பெல்லாம் அப்பா கல்லறைக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஓர்விலும் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கம்பெனிக் கடையில் சட்டையில் ஷெல்பி என்று பெயர் அட்டை குத்திய ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். ஹார்லன் பெட்டியை அவள் முன்னால் டமாரென்று வைத்தார்.

"இது என்னம்மா?"

"விண்ட்லர் ரொட்டி, 1953. எட்டு. ரொம்ப நல்ல கார்டு சார்."

"நல்ல கார்டா? முழுசா அனுப்பினேன், போலின்னீங்க. ஓரத்தை நானே என் கையால வெட்டி அனுப்பினேன், அசல்ங்கறீங்க! இந்தா, வெட்டின துண்டு!"

கவரைக் கவிழ்த்தார். பட்டை மேஜையில் விழுந்தது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது, செல்போன்கள் உயர்ந்தன. ஓர்வில் முதல் தடவையாக ஹார்லன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இவரோட கார்டையும் போலின்னீங்க" என்று ஹார்லன் ஃப்ளாய்டின் தோளில் கை வைத்தார். "அப்பா குடுத்த கார்டை எரிச்சுட்டு உக்காந்திருக்கார் மனுஷன். உங்க வாய்க்கு வந்தபடி மார்க் போட்டா, நாங்க நம்பிக்கிட்டே இருக்கணுமா?"

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஷெல்பிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"வாய்க்கு வந்தபடி போடல சார். விண்ட்லர் கார்டு ஒண்ணு ரெண்டுதான் வெளிய வருது. முழு செட்டு உலகத்துலயே எங்க பெட்டகத்துல மட்டும்தான் இருக்கு. முப்பத்திரண்டும் அச்சு அசலா ஒரே அளவு. எது வந்தாலும் அதோட வெச்சு அளந்துதான் போடறோம்."

"அந்த செட்டு யோக்கியம்னு யார் சொன்னது?" என்று ஃப்ளாய்டு முன்னால் வந்தார். "எந்தத் திருட்டுப் பய கிட்ட வாங்கினீங்க? அவன் பேரைச் சொல்லும்மா. அவனாலதான் நான் எங்கப்பனைப் பொய்யன்னு நினைச்சேன்."

"ஃப்ளாய்டு, விடு, போதும்" என்றார் ஹார்லன். திடீரென்று அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏன் விடணும்? நீதானேய்யா கூட்டிட்டு வந்தே?"

ஷெல்பி கடைக்குப் பின்னால் போய் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு பழைய காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"திருட்டுப் பயலா? அவரை அப்படிச் சொல்லாதீங்க சார். எங்க முதலாளி இருபத்திரண்டு வயசுப் பையனா, ஒரு சர்ச் கூடத்துல வாங்கினது அந்த செட்டு. வித்தவர் ஆலை வேலை போன தொழிலாளி. வீட்டுல அடுப்பு எரியலன்னாலும், கேக்காமலேயே உறுதிமொழி எழுதிக் குடுத்தாராம். நம்பிக்கைன்னா இதுதான்னு, வேலைக்குச் சேர்ற எங்க எல்லாரையும் முதல் நாள் இதைப் படிக்க வைக்கறார் முதலாளி. இந்தக் கம்பெனியே இந்தக் காகிதத்து மேலதான் நிக்குது."

ஃப்ளாய்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஹார்லன் மேஜை மேலிருந்த பட்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

ஷெல்பி சட்டத்தைக் கூட்டத்துக்குக் காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள்: "'ரொட்டிப் பையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. எந்தக் கத்தியும் இவற்றின் மேல் பட்டதில்லை. இப்படிக்கு, ஹார்லன் பெட்ராக், ஆக்ரன்.' உங்க ஊர்க்காரர்தான் போல சார், உங்களுக்கு அவரைத் தெரியுமா?"