படியேறிய லிஃப்ட் மெக்கானிக்

உடம்பைக் குறைத்தே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தார். அழகுக்காக இல்லை. அந்த வயிற்றுக்கு இனிமேல் அழகு வந்து என்ன ஆகப்போகிறது! மனைவிக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறாள். இவருடைய கிட்னி அவளுக்குப் பொருந்துகிறது. குறுக்கே நிற்பது தொப்பைதான். “எடையைக் குறைச்சுட்டு வாங்க, அப்புறம் கத்தி எடுக்கறேன்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மனுஷன் லிஃப்டில் ஏறவே இல்லை. எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் மொட்டைமாடி வரைக்கும் படிதான். கையில் ஸ்பானர் பை, வாயில் புஸ் புஸ்.

“என்னங்க, லிஃப்ட் சரியில்லையா?”

“லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.”

யார் நம்புவார்கள்? ரிப்பேர் பார்க்கிறவரே படியேறினால், மற்றவன் எந்தத் தைரியத்தில் லிஃப்டுக்குள் நுழைவான்? கட்டடமே படியேறியது. அங்கே எல்லோரும் இளைத்தார்கள். இவர் மட்டும் பெருத்தார்.

மறுபடி எடை பார்த்த டாக்டருக்கே குழப்பம். “படியேறறது நல்லதுதான். ஆனா அதை மட்டும் வெச்சு எடை குறையாது. வாயையும் பாக்கணும். என்ன சாப்பிடறீங்க?”

“வெறும் காய்கறி சூப்புங்க. இவதான் வெச்சுக் குடுக்கறா.”

சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தார். அவளுடைய மருந்துகளுக்குப் பின்னால் வெண்ணெய், பாளம் பாளமாக.

“அடிப்பாவி! நான் மூச்சு முட்டப் படியேறறேன், நீ இதைக் கரைச்சு ஊத்தறியா?”

“ஆமா.”

“ஏன்டி?”

“ஆபரேஷன்ல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? புதுக் கிட்னிய வெச்சுக்கிட்டு நான் யாரைத் திட்டறது?”

“நீ போயிட்டா நான் யார்கிட்ட திட்டு வாங்கறது?”

 அவர் ஃப்ரிட்ஜ் கதவை ஓங்கிச் சாத்தினார்.

“இனிமே உன் கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். பட்டினி கிடந்தாவது குறைப்பேன்.”

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் புத்தி வரவில்லை.

“சரி. நீங்க சாப்பிடலைன்னா நானும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்.”

“விளையாடாத.”

“என் மூஞ்சியைப் பாருங்க. விளையாடற மூஞ்சியா இது?”

பார்த்தார். வீங்கிப்போன முகம். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. அந்தக் கையில் வெண்ணெய் மிதக்கும் சூப் ஒரு கிண்ணம். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவை போகாமல் விட்டால் அவளுக்கு மூச்சே சிரமம் என்பதும் தெரியும்.

கிண்ணத்தை வாங்கினார். கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் இறங்கி உள்ளே சொட்டியது. அதோடு சேர்த்துக் குடித்தார்.

பாழாய்ப்போன சூப், ருசியாக வேறு இருந்தது.