ரிக் டாக்டரும் என் நெஞ்சு வலியும்

நாமக்கல்லில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆயிரம் அடி ஆழம் பூமியைத் துளைத்துப் பார்த்துவிட்டு மனுஷ உடம்புக்கு வந்தவர் எங்கள் ரிக் டாக்டர் ஒருவர்தான்.

பிளஸ் டூ முடித்ததும் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறி ராஜஸ்தான் போனவர். அங்கே ஒரு பொட்டல் காட்டில் கூட்டாளிக்குக் காய்ச்சல். மூன்று நாள் அலைந்தும் டாக்டர் கிடைக்கவில்லை. கூட்டாளி எப்படியோ பிழைத்துக்கொண்டார். இவர்தான், "நானே டாக்டராயிடறேன்" என்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங் வகுப்பில் பையன்கள் "அங்கிள்" என்றார்கள். மூன்று முறை தோற்று நான்காவதில் இடம் கிடைத்தபோது முன்மண்டை பாதி காலி. படிப்பு முடிந்ததும் இதயம் படி, எலும்பு படி என்றார்களாம். "ஒரு பார்ட்டுக்கு மட்டும் டாக்டரா இருக்க முடியாதுங்க, ஊட்டுக்கே டாக்டராவோணும்" என்று குடும்ப மருத்துவம் படித்து, லாரி பட்டறைகளுக்கு நடுவே கிளினிக் போட்டார்.

நான் அங்கே ஒரு பட்டறையில் பெயின்டர். எட்டாவதோடு நின்றவன். ஏப்பம் வந்தாலே ஹார்ட் அட்டாக் என்று ஓடுகிறவன். ஒரு நாள் நெஞ்சு வலி என்று அப்படித்தான் ஓடினேன். ஈ.சி.ஜி. எடுத்தார், முதுகைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. ஊட்ல இருக்கறவங்களக் கூட்டியாங்க."

"வலி எனக்குங்க!"

"ரிக்ல பத்தடிக்கு ஒருக்கா மேல வர்ற மண்ண வரிசையாக் குமிச்சு வெப்போம். ஒரே குமியப் பாத்துட்டா தண்ணி இருக்குதான்னு சொல்றது? ஊடும் அப்பிடித்தானுங்க, கூட்டியாங்க."

எல்லோரிடமும் இதே பேச்சுதான். சளி என்று போன கோழிப்பண்ணைக்காரர், மறுநாள் குடும்பத்தோடு வேனில் வந்திறங்கினார். "ஆடு மட்டுந்தான் பாக்கி டாக்டர், ஓட்டியாரட்டுங்களா?"

என் மனைவி வர மறுத்துவிட்டாள். "எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன்." டாக்டர் மூன்று நாள் போன் செய்து பார்த்தார். நான்காம் நாள் பிரஷர் மெஷினோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மிணி, அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

"தோசை கருகுதுங்க."

"கருகட்டும்."

அளந்தார். மறுபடி அளந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எத்தன நாளா தலவலி?"

"ரெண்டு மாசமாங்க. இவருக்கே இத்தன சீக்கு இருக்கறப்ப, நா வேற எதுக்குச் சொல்றதுன்னு..."

அவளைத் தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பிரஷர் ஏறி ஒரு பக்கம் கைகால் விழுந்திருக்கும் என்றார்கள் அங்கே. இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, என்னை நன்றாகவே திட்டுகிறாள்.

என் கவலைகள் மட்டும் தீர்ந்தபாடில்லை. மதியம் மூன்று மணிக்கும் கிளினிக் வாசலில் செருப்புகள் குறையவில்லை என்றால் போதும். உள்ளே அந்த மனுஷன் சாப்பிட்டாரோ என்னவோ என்று ஆரம்பித்துவிடுகிறது.