உப்புத்தாள் பட்ட செக்

"என்னய்யா இது, செக்குல ஓட்டை?" என்று கேட்டாள் பேங்கில் புதிதாகச் சேர்ந்திருந்த கேஷியர் பெண்.

தச்சர் நெளிந்தார். "மூலையில ரெண்டு கோடு இருந்துச்சும்மா. கோடு போட்ட செக்குக்கு அக்கவுண்ட் வேணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? அதான் உப்புத்தாள் வெச்சு லேசா தேய்ச்சேன்."

ஆயுசு முழுக்க மரத்தைத் தேய்த்த கை. கோடும் போயிற்று, கோடு இருந்த காகிதமும் போயிற்று.

"பேசாம ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சிடுங்களேன்."

"ஊரை விட்டே போறவனுக்கு அது எதுக்கும்மா? பட்டறையைக் காலி பண்ணியாச்சு. இந்தப் பணம் கைக்கு வந்ததும் மக வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

"அப்ப கோடு போடாத செக்கா வாங்கிட்டு வாங்க."

செக் கொடுத்தது மருந்துக்கடை மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. அலமாரி செய்த கூலி. பணமாகக் கேட்டதற்கு, "வீட்ல பணம் வெச்சுக்கப் பயமா இருக்கு" என்றுவிட்டார். தச்சரும் மனைவியை இழந்தவர். தனி வீட்டின் பயம் தெரியும் என்பதால் வற்புறுத்தவில்லை.

ஓட்டையைப் பார்த்து அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு காபி கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார்.

"மக வீட்டுக்குப் போனா எப்ப திரும்பி வருவீங்க?"

"வந்து என்ன பண்ணப்போறேன்? இங்க எனக்கு யாரு இருக்கா?"

அந்த அம்மா உள்ளே போய், புதுச் செக் எழுதி வந்தார்.

அதில் கோடு இல்லை. ஆனால் எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் வேறொரு தொகை. தச்சர் அதைப் பேங்க் வாசலிலேயே கண்டுபிடித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் நேர்த்தியாகத் திருத்தினார். கேஷியர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்த செக்கில் தேதி அடுத்த வருஷத்தில் இருந்தது. அதற்கடுத்ததில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

"இன்னுமா கிளம்பலை?" என்று மகள் போனில் சலித்துக்கொண்டாள்.

"செக் மாறணுமே கண்ணு."

இத்தனை அலைச்சலுக்கும் கோபம் வராதது தச்சருக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்போதெல்லாம் மாடிப்படி ஏறுமுன் தலை சீவிக்கொண்டார். அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் அவரே பாடம் நடத்தினார். "இங்க பாருங்க, தேதி இந்த இடத்துல. எண்ணும் எழுத்தும் ஒண்ணா இருக்கணும். கையெழுத்து எப்பவும் ஒரே மாதிரி போடணும்."

"அப்படிங்களா?" என்று அந்த அம்மா பயபக்தியுடன் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கொண்டுபோன செக்கில் எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துதான் இல்லை.

தச்சர் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். பேங்க் காவலாளி பக்கத்தில் வந்தார். முடியெல்லாம் இந்த வாசலிலேயே நரைத்த மனிதர்.

"தினம் வந்துட்டுப் போறீங்களே, யாரு குடுக்கிற செக்குண்ணே இது?"

"மருந்துக்கடை மாடியில இருக்காங்களே, அந்தம்மா. பாவம், ஒரு செக் எழுதத் தெரியல. நான் ஊருக்குப் போயிட்டா இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பான்னுதான் கவலையா இருக்கு."

காவலாளி செக்கை வாங்கி, அச்சடித்திருந்த பெயரைப் பார்த்தார். தச்சரையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, இந்த பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவங்கண்ணே அவங்க."