நீலப் பார்த்தீனியம்

திங்கட்கிழமை மருந்து அடித்த பார்த்தீனியம், புதன்கிழமை ஒரு சாண் வளர்ந்து நின்றது.

ஆனேக்கல்லிலிருந்து அத்திபெலே போகும் சாலையோரம் இரண்டு கிலோமீட்டருக்கு வெள்ளைப் பூ. காலையில் எது பனி, எது பூ என்று குணசேகருக்குப் புரியவில்லை. கோலார் தங்கவயலில் முதல் ரயிலைப் பிடித்து வருகிறவன்; பாதித் தூக்கம் கண்ணிலேயே இருந்தது. களைக்கொல்லி அடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை என்ஜினியர் வித்யாலட்சுமி வரும்போது செடி நின்றால் வேலை நிற்காது. போனால், இந்த வருஷத்தில் அது மூன்றாவது வேலை.

"மருந்து அடிச்சீங்களா இல்லியாக்கா?"

"ரெண்டு தடவ அடிச்சேன் தம்பி," என்றாள் தமயந்தி, முதுகில் ஸ்ப்ரே டேங்குடன். "செடிக்குப் புடிச்சிருக்கு போல."

"அடிச்சதுக்கு அடையாளமாவது வேணும். இன்னிக்கு டேங்க்ல சொட்டு நீலம் கலந்து அடிங்க. மேடம் கேட்டா காட்டலாம்."

மதியத்துக்குள் பூவெல்லாம் நீலமானது. களைத்துப்போன வானம் சாக்கடையோரம் வந்து படுத்துக்கொண்டது போலிருந்தது. குணசேகரே எதற்கு வந்தோம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்து நின்றான்.

ஒரு பைக் நின்றது. பிறகு ஒரு கார். சாயந்திரம், கல்யாணம் ஆகப்போகிற ஜோடி ஒன்று கேமராக்காரரோடு பூவுக்குள் இறங்கியது.

"மேல படக் கூடாதும்மா! மருந்து!"

"ஒரே ஒரு போட்டோண்ணா," என்ற பெண், நீலக் கன்னத்தோடு வீட்டுக்குப் போனாள்.

வியாழன் காலை ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி எழுதி நட்டான்: 'மருந்து அடித்த செடி'. சுற்றிக் கட்டக் கயிறு வாங்க அத்திபெலேக்குப் போனான். லேசாகத் தூறியது.

திரும்பி வந்தபோது சாலையோரம் திருவிழாவாக இருந்தது. கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்க, விடுங்க! விஷம்!"

"அவரே போர்டு வெச்சிட்டு, இப்ப விஷமாம்," என்றார் ஓர் ஆட்டோக்காரர். "மொத்தத்தையும் இவரே மூட்டை கட்டப் பாக்கறாரு."

"வாசல்ல கட்டினா கொசு வராதாம்ப்பா," என்றாள் ஒரு பெண். "வாயில வெக்கக் கூடாதாம். கவர் போட்டுத்தான் தொடணுமாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

குணசேகர் பலகையைப் பார்த்தான். தூறல் இரண்டு வரியிலும் நடுச்சொல்லை அழித்திருந்தது. கன்னடத்திலும் தமிழிலும் மிச்சமிருந்தது: 'மருந்து செடி'.

இருட்டுவதற்குள் இரண்டு கிலோமீட்டரும் வெறும் மண்.

வெள்ளிக்கிழமை வித்யாலட்சுமி ஜீப்பிலிருந்து இறங்கி, குனிந்து பார்த்தார்.

"வேர்கூட இல்லையே குணசேகர்! இந்த மருந்தையே ஓசூர் எல்லை வரைக்கும் அடிச்சிடுங்க. நீங்களே நின்னு பாத்துக்கணும்."

ஜீப் போனதும் குணசேகர் சிறுபாலத்தின் மேல் சரிந்து உட்கார்ந்தான்.

"நான் போலீசுக்குப் போறேங்க்கா. ஊர் வாசல் பூரா விஷம் தொங்குது. வேலை போனாப் போவட்டும்."

"இன்னா விஷம்?" என்றாள் தமயந்தி. "ஸ்டோர்லருந்து வந்த கேனைத் தொறந்தா காத்துதான் இருந்துச்சு. திங்கட்கிழமை அடிச்சது தண்ணி. புதன்கிழமை தண்ணியும் நீலமும்."

"அதான் செடி வளர்ந்துச்சா! மொதல்லயே சொல்லக் கூடாது?"

"சொன்னா நீ பயந்துபோய் மேல சொல்லுவ. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்போம்."

குணசேகர் நீளமாக மூச்சு விட்டான். வெறும் மண்ணின் மேல் வெயில் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

"எல்லாம் அந்தத் தூறல் பண்ண புண்ணியங்க்கா. ரெண்டு வரியிலயும் சரியா அந்த ஒரு வார்த்தைய மட்டும் அழிச்சிருக்கு பாருங்க."

தமயந்தி காலி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"மழைக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும்."