விஷம் கக்கும் சூலம்

கிணத்துக்கடவுப் பக்கத்தில் ஒரு வாரமாகத் தேங்காய் பறிக்க ஆளில்லை. ஊரே புதிதாக வந்திருந்த நீர்மலைச் சாமியாரின் பந்தலில் கிடந்தது. ஆளுக்கொரு சொம்பு. சொம்பில் அவரவர் கிணற்றுத் தண்ணீர்.

சாமி அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுவார். இருமுனை இரும்புச் சூலத்தை இறக்குவார். தண்ணீர் பழுப்பாகும், பிறகு சேறாகும். சூலத்தின் காம்பிலிருந்து ஓர் ஒயர் கிளம்பிப் பிளக்கில் முடிந்தது. பார்த்தவர்கள் பக்தியால் மன்னித்தார்கள். கரண்ட் போனால் மட்டும் விஷம் வெளியே வராது. அதற்கு இருட்டென்றால் பயமாம்.

"வெளியே வா, நஞ்சே!" என்று உறுமினார் சாமி.

"கொஞ்சம் மரியாதையாக் கூப்புடுங்க சாமி. கோவிச்சுட்டு உள்ளயே இருந்துரப் போகுது" என்றார் கொப்பரை வியாபாரி வேலுமணி.

அடுத்து சாமி தம் குடத்துத் தண்ணீரை ஊற்றிச் சூலத்தை இறக்குவார். அது தெளிவாகவே நிற்கும். அவருடைய செப்புத் தகட்டைக் கிணற்றில் போட்டால் எல்லாத் தண்ணீரும் இப்படி ஆகுமாம். தகடுகள் பறந்தன.

தோப்புக்காரர் பொங்கியண்ணனும் ஒன்று வாங்கிப் போட்டார். அவர் கிணற்றில் நிஜமாகவே நஞ்சு இருந்தது. தென்னைக்கு வைத்த பூச்சிமருந்து துளித்துளியாக இறங்கியிருப்பதைக் கோயமுத்தூர் ஆய்வகம் சொல்லியிருந்தது. கர்ப்பிணி மருமகள் வர்ஷினி கரி வடிகட்டிக்கு ஏற்பாடு செய்திருந்தாள்.

"வடிகட்டி வேண்டாம்னு போன்ல சொல்லிப்போட்டேன் அம்மணி. இன்னியிலிருந்து நம்ம கிணத்துத் தண்ணியே குடி."

"ஏனுங்க மாமா, லேப்ல சொன்னது?"

"லேப்ல தண்ணி நெறமே மாறலியே! சாமிகிட்டப் பாரு, எப்படிக் கக்குது!"

வயிற்றுப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரா? வர்ஷினி ஓர் இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

"சாமிக்கு இளநி கொண்டாந்தேனுங்க."

"பூமியில் மாசில்லாத நீர் இது ஒன்றே, குழந்தாய்!"

"அப்ப இதுலயும் சூலத்த உட்டுக் காட்டுங்க. சனம் பாக்கட்டும்."

சாமிக்கு இருமல் வந்தது. "இளநீரைச் சோதிப்பது பாவம்."

"எங்க தோப்பு இளநிக்கு என்னங்க பயம்?" என்று வேலுமணி எழுந்து, தாமே இளநீரை டம்ளரில் ஊற்றிச் சூலத்தை இறக்கினார்.

நுரைத்தது. பழுப்பானது. கருத்துக் கட்டிகட்டியாகத் திரண்டது.

கிணற்றைப் பழித்தால் பொறுக்கும் கூட்டம்தான். தென்னையைப் பழித்தால்?

"எங்க இளநி விஷமுங்களா சாமி?" வேலுமணி டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

வர்ஷினி சாமியின் குடத்துத் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றி, முந்தானையில் முடிந்து வந்த உப்பில் ஒரு சிட்டிகையைப் போட்டுக் கலக்கிச் சூலத்தை இறக்கினாள். புனிதமும் பழுப்பானது.

"கரையறது கம்பிங்க. தண்ணியில உப்பிருந்தா கரண்ட் பாயும், இரும்பு துருவாக் கொட்டும். இவரு குடத்துல இருந்தது உப்பெடுத்த கேன் தண்ணி. அதான் சும்மா இருந்துச்சு. நெசமான மருந்துக்கு நெறமும் இல்லீங்க, வாசமும் இல்லீங்க. ஆய்வகத்துலதான் தெரியும். பக்குவப்படுத்துன கரியிலதான் ஒட்டிக்கும். அந்தக் கரியே நம்ம தேங்காத் தொட்டியில, கொட்டாங்குச்சியில சுடறதுதானுங்க!"

சாமி சூலத்தைக்கூட எடுக்கவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸைப் பார்த்து ஓடினார். கொங்குக்காரர்கள் தென்னை மட்டையோடு துரத்தினார்கள். அப்போதும் மரியாதை குறையவில்லை.

"நில்லுங்க சாமி! ரெண்டே ரெண்டு அடி வாங்கிட்டுப் போயிருங்க!"

சாயங்காலமே பொங்கியண்ணன் வடிகட்டிக்காரருக்கு மறுபடி போன் போட்டார். வைத்ததும் மருமகளைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வாராங்களாமா. அந்நேரம் ராகுகாலமாச்சே, அம்மணி?"

"பூச்சிமருந்துக்கு ராகுகாலம் தெரியாதுங்க மாமா."

அதற்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிட்டோம். முதலில் வடிகட்ட வேண்டியது கிணற்றையா, நம்மையா?