மஞ்சள் வைத்த இருபத்துநான்கு ஓட்டு

பத்மா அவித்த இட்லி டீ நிறத்தில் வந்தது. குழாயில் துருத் தண்ணீர் வர ஆரம்பித்து நாலு மாதமாகிறது.

"பென்டில் ஹில் கடைக்காரர் இனிமே நான் அரைச்சுக் கொடுக்கிற இட்லி மாவே வேண்டாம்னுட்டார். புதுக் குழாய் வந்தாத்தான் என் வியாபாரம் பிழைக்கும்" என்றாள்.

கவுன்சில் கடன் பத்திரம் விற்றுப் புதுக் குழாய் போடுமாம். வட்டிக்காக வீட்டு வரி கொஞ்சம் ஏறும். அதற்கு ஊர் ஜனம் தபால் ஓட்டில் 'யெஸ்' சொல்ல வேண்டும். பத்மாவின் புருஷன் பாஸ்கர் லீவு போட்டுவிட்டு அந்த வெளிநாட்டு ஊரில் இருந்த நம் தமிழர் வீடு வீடாக ஏறி இறங்கினான்.

"இதெல்லாம் கேக்கணுமா பாஸ்கர்? யெஸ்தான்!" என்று பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரம் தோளில் தட்டினார். எல்லா வீட்டிலும் அதே சிரிப்பு, அதே காப்பி.

அதோடு விட்டிருக்கலாம். நல்ல காரியம் என்றால் இவனுக்கு மஞ்சள் வைக்காமல் கை நிற்காதே! மடித்த ஓட்டுச் சீட்டுகளை வாங்கி வந்து, பிரித்துப் பார்க்காமல் சாமி முன்னால் வைத்தான். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்த்தான். தன் வீட்டு இரண்டோடு மொத்தம் இருபத்துநான்கு.

எதிர்வீட்டு ஜலால்தீன் மட்டும், "எனக்கு மஞ்சள் வேணாம் தம்பி, நானே போடுறன்" என்றார்.

முடிவு வந்தது. ஒன்பதே ஓட்டு வித்தியாசத்தில் 'யெஸ்' ஜெயித்தது. கூடவே ஒரு வரி: மஞ்சள் கறை படிந்த இருபத்துநான்கு சீட்டுகள் செல்லாது.

பத்மா அழுதுகொண்டே சிரித்தாள். தெரு சிரிக்கவில்லை.

"என் ஓட்டைப் பாழாக்கிட்டீங்களே!" என்று கல்யாணசுந்தரம் கதவைத் திறக்காமலே கத்தினார்.

"அதான் ஜெயிச்சாச்சே சார்?"

"ஓட்டு என் உரிமைய்யா!"

மன்னிப்புக் கேட்டு வீடு வீடாகச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனான். மூடி திறக்காமலே திரும்பி வந்தது. கோயிலில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாவி மனுஷன் வெட்கத்தில் குன்றிப்போனான். கவுன்சிலுக்குப் போன் செய்தான். காரணம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தச் சீட்டுகளையும் எண்ணுவதாகச் சொன்னார்கள்.

மனுவைப் பார்த்ததும் தெருவே உருகிவிட்டது. அரை மணி நேரத்தில் அத்தனை கையெழுத்தும் விழுந்தன. கல்யாணசுந்தரம் பேனாவைத் தேடி உள்ளே ஓடினார்.

"நீங்கதான்யா மனுஷன்!"

மறுபடியும் காப்பி.

பாஸ்கர் மனுவைக் கையோடு கொடுத்துவிட்டு வந்தான். ஜலால்தீன் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"கொடுத்துட்டேன் அங்கிள். நாளைக்கே எண்ணுறாங்களாம். இனி யார் முகத்திலயும் முழிக்கலாம்."

ஜலால்தீன் தொட்டியை அப்படியே விட்டார்.

"உங்களைச் சேர்க்காத வாட்ஸ்அப் குரூப் ஒண்டு இருக்கு, தெரியாதா தம்பி? வரி ஏறும் எண்டு, உங்கட வீட்டு ரெண்டத் தவிர மிச்சம் இருபத்திரண்டும் 'நோ'தான்."