முதல் பரிசுக் குரங்கும் முள்ளம்பன்றியின் பாயசமும்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. காடு கெட்டதே அதனால்தான்.

அந்தக் காட்டுப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு ஆக்கிப்போட்டது தனபாக்கியம் என்ற முள்ளம்பன்றி. கொதிக்கிற அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கிவைப்பாள். புலிக்குட்டியே அவள் கையால் பூசணிக்கூட்டு வாங்கி விரலைச் சூப்பும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புருஷன் இல்லை. பக்கத்துக் காடுகளுக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்தவன், இளைத்துத் துரும்பாகிச் செத்துப்போனான். மஞ்சள்காமாலை என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். காமாலை இல்லை, எச்.ஐ.வி. என்று சுகாதார நிலையத்து ஆலோசகர் ஆந்தை தனபாக்கியத்திடம் மட்டும் சொன்னார். அவளையும் சோதித்தார். அவளுக்கும் இருந்தது.

அன்றைக்கு அழுது தீர்த்தாள். மறுநாளிலிருந்து தினமும் மாத்திரை. டப்பா மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. வருஷங்கள் ஓடின. கிருமி சோதனையில் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிப்போச்சு, மாத்திரையை மட்டும் விட்டுடாதே என்று ஆந்தையே சொல்லிவிட்டார். நோய் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒளித்துவைப்பதுதான் உயிரை வாங்கியது. தெரிந்தால் கையிலிருக்கிற கரண்டி போய்விடும். கரண்டி போனால் சோறு போச்சு, குடியிருக்கும் வளை போச்சு, "அக்கா" என்று நாலு பேர் கூப்பிடுவதும் போச்சு.

இந்தக் காட்டில் வருஷா வருஷம் விழிப்புணர்வு நாள் கொண்டாடுவார்கள். ஆமாம், கொண்டாடத்தான் செய்வார்கள். விழிப்புணர்வு மன்றச் செயலாளர் மயில் சிங்காரம். மேடையைக் கண்டால் தோகையை விரித்துவிடுவார். ஊர்வலம் நடக்கும், சிவப்பு ரிப்பன் குத்துவார்கள், கடைசியில் ஒப்புவித்தல் போட்டி.

"தொட்டால் பரவாது! கைகுலுக்கினால் பரவாது! ஒரே தட்டில் உண்டால் பரவாது! கொசு கடித்தால் பரவாது!"

முதல் பரிசு எப்போதும் குரங்கு ஞானசிகாமணிக்குத்தான். பள்ளிக் கமிட்டித் தலைவர் வேறு. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். எழுத்துப் பிசகாது. காடு கைதட்டும்.

ஒருதரம் காட்டுப்பன்றி ஒன்று எழுந்து, "எல்லாம் சரிங்க. அப்போ எப்படித்தான் பரவுமாம்?" என்று கேட்டுவிட்டது.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டார். "பொம்பளைங்க இருக்கிற சபை, குஞ்சு குளுவான் இருக்கிற சபை. கேள்வி கேக்கவும் ஒரு நாகரிகம் வேணும்!"

சபை முழுக்கத் திரும்பிப் பன்றியை முறைத்தது. ஆளுக்கு அரை டஜன் குட்டி போட்ட சபைதான் அது. குட்டியெல்லாம் மரத்தில் காய்த்தது போலும்! பன்றி வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டது. எப்படிப் பரவாது என்பது காட்டுக்கே மனப்பாடம் ஆனதும், எப்படிப் பரவும் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாமல் போனதும் இப்படித்தான்.

இந்த வருஷம் வட்டார அதிகாரி யானை ஒரு புது உத்தரவு போட்டார். வெறும் ஒப்புவித்தல் போதாது. நோய் உள்ள ஒருவரோடு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், போட்டோ வேண்டும். மயிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பந்திக்கு வாழை இலை கிடைக்கும், நோயாளிக்கு எங்கே போவது? விசாரித்துப் பார்த்தார். ஆளாளுக்குத் தங்களுக்கு ஆகாத பங்காளியின் பெயரைச் சொன்னார்கள். கடைசியில் சமையல்கூடத்துத் திண்டில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"தனபாக்கியம், ஒருத்தராவது தைரியமா முன்னே வந்தா இந்தக் காடே தலையில தூக்கிவச்சுக் கொண்டாடும். வர மாட்டேங்கிறாங்களே!"

அவள் கிளறிக்கொண்டே கேட்டாள். "வந்தா அவங்க பொழப்புக்குக் கேடு வராதுங்களா?"

"யாரு கைவைப்பா? வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு காட்டுச் சட்டமே இருக்கே!"

தனபாக்கியம் ஆந்தையிடம் போய்க் கேட்டாள். அவர் கொட்டாவி விட்டபடி, "சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். உன் விஷயம் என் வாயிலேருந்து வராது. ஆனா நல்லா யோசிச்சுக்கோ" என்றார்.

அவள் யோசித்தாள். வருஷக்கணக்காகக் கேட்ட ஒப்புவித்தல் காதில் ஓடியது. இத்தனை பேர் இத்தனை தரம் சொன்னது பொய்யாகவா இருக்கும்? மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் இனியும் ஒளிய வேண்டாம் என்று நினைத்தபோதே நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. பந்தியில் ஒருத்தர் முன்னே வருவார் என்று மட்டும் மயிலிடம் சொல்லிவைத்தாள், யார் என்று சொல்லவில்லை. பாவம், அந்தப் பாடத்தை நிஜமாகவே நம்பியது அந்தக் காட்டில் அவள் ஒருத்திதான்.

விழிப்புணர்வு நாள் வந்தது. பந்தி போட்டார்கள். சமையல் தனபாக்கியம். சாம்பார், கூட்டு, அப்பளம், பால் பாயசம். யானை பாயசத்தை வாளியோடு வாங்கிக்கொண்டார். ஞானசிகாமணி இலையில் ஊற்றிய பாயசத்தை வழித்து நக்கிவிட்டு, "அக்கா, இன்னொரு கரண்டி!" என்றார். எல்லோரும் வயிறு முட்டத் தின்று ஏப்பம் விட்ட பிறகு மயில் மைக்கைப் பிடித்தார்.

"நம்மோடு இன்று பந்தியில் கலந்துகொண்ட அந்தத் தைரியசாலி யார்? முன்னே வாருங்கள்!"

தனபாக்கியம் இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான்தாங்க" என்றாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது.

காடு கைதட்டியது. கைதட்டிப் பழகிய காடு அல்லவா! யானை துதிக்கையை எட்டும் மட்டும் நீட்டி, நுனியில் தொங்கவிட்டுப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ஞானசிகாமணிக்கு ஒரு யோசனை தோன்றும் வரை.

"அப்போ... பாயசம்?"

அவ்வளவுதான். யானை வாளியை எட்டி உதைத்தார். மான்கள் புதருக்குப் பின்னால் ஓடித் தொண்டைக்குள் விரலைவிட முடியாமல் குளம்பைவிட்டுப் பார்த்தன. மயில் தோகையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அமைதி! ஒரே தட்டில் உண்டால் பரவாது!" என்று மைக்கில் கத்திவிட்டு, மைக்கைப் போட்டுவிட்டு முதல் ஆளாகச் சுகாதார நிலையத்துக்குப் பறந்தார். தனபாக்கியம் பொன்னாடையோடு காலி இலைகளுக்கு நடுவே தனியாக நின்றாள். இத்தனை நாளும் அவள் முதுகில் இருந்த முள்ளுக்குப் பயப்படாதவர்கள், அவள் ஊற்றிய பாயசத்துக்குப் பயந்து ஓடினார்கள்.

சுகாதார நிலையத்தில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. ஆந்தை பகல் தூக்கம் கெட்டு வந்தார். "சாப்பிட்டா வராதுய்யா! உங்களுக்கே தெரியுமே!"

"அது தெரியாதா சார்? நான்தானே முதல் பரிசு" என்றார் ஞானசிகாமணி. "இருந்தாலும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க."

வந்தவர்களை ஆந்தை விடவில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் ரத்தம் எடுத்தார். இத்தனை வருஷ ஊர்வலத்துக்கு வராத கூட்டம் ஒரு கரண்டி பாயசத்துக்கு வந்திருந்தது. முடிவை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். பலபேர் நிம்மதியாக வெளியே வந்தார்கள். சிலபேர் பேயறைந்த மாதிரி வந்தார்கள். யார் யார் என்று ஆந்தை மூச்சுவிடவில்லை.

பள்ளிக் கமிட்டி கூடும்வரை சமையல்கூடத்தைப் பூட்டிவைத்தார்கள். தனபாக்கியம் தன் மாத்திரையை வாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது, மாத்திரை வரிசையில் முகத்தைத் தேக்கிலையால் மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். முகத்தை மறைத்துக்கொண்டவருக்கு வாலை மறைக்கத் தோன்றவில்லை.

"தலைவரே?" என்றாள்.

ஞானசிகாமணி சீறினார். "எல்லாம் உன் பாயசத்தால வந்த வினை!"

"காடே குடிச்சுது. உங்களுக்கு மட்டும் தனியா ஊத்தினேனா? இன்னைக்குத் தொத்தினது இன்னைக்கே சோதனையில தெரியாதுன்னு ஆந்தை ஐயா சொல்லலையா? இது பழசு, தலைவரே."

குரங்கின் கையிலிருந்த இலை நழுவியது. அழுகை வந்துவிட்டது. "பின்னே எப்படி வந்துச்சு? நான் எல்லாத்தையும் ஒப்பிச்சேனே. எப்படி வரும்னு எவனுமே சொல்லலையே!"

ஓங்கி ஒன்று விடலாமா என்றுதான் அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு மனசு கேட்கவில்லை. பட்டவர்த்தனமாகச் சொன்னாள். நோய் இருக்கிறவங்களோட ஆணுறை இல்லாம படுத்தா வரும். ஒருத்தருக்குக் குத்தின ஊசியை இன்னொருத்தருக்குக் குத்தினா வரும். சோதிக்காத ரத்தம் ஏத்தினா வரும். மருந்து சாப்பிடாத தாய்கிட்டேருந்து பிள்ளைக்கு வரும். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க. என்னைப் பாருங்க, அண்டா தூக்கலையா? வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வந்து சோதிச்சுடுங்க."

"இவ்வளவுதானா?" என்றார் குரங்கு, மூக்கைச் சிந்திக்கொண்டு. "இதைச் சொல்லவா இத்தனை வெட்கப்பட்டாங்க?" பிறகு அவள் காலில் விழாத குறையாக, "அக்கா, வெளியில சொல்லிடாதே" என்றார்.

"என் வாயிலேருந்து வராது. எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க. கமிட்டியில கரண்டியை என்கிட்டேயே குடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்க. நீங்க பேசினா எடுபடும்."

"சத்தியமா பேசறேன்" என்று அவள் தலையிலேயே கைவைக்கப் போய், முள் குத்தும் என்று தன் தலையில் வைத்துக்கொண்டார்.

கமிட்டி கூடியது. தனபாக்கியம் ஓரமாக நின்றாள். குரங்கு எழுந்து நின்றார். எல்லார் கண்ணும் அவர்மேல். அப்போது மான் ஒன்று பக்கத்து மானிடம், "அவளுக்கு எவன் பரிஞ்சு பேசினாலும், அவனுக்கும் அது இருக்குன்னு அர்த்தம்" என்று சாவகாசமாகச் சொன்னது. ஞானசிகாமணிக்கு அது நன்றாகக் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொட்டால் பரவாதுதான். உண்டால் பரவாதுதான். என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் பிள்ளைகள் விஷயம்! இந்த முள்ளம்பன்றியை இனி அடுப்புப் பக்கமே அண்டவிடக் கூடாது. அவள் கரண்டியைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தனபாக்கியம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குரங்கும் அவளோடு தெருவில் நிற்கும். வாய்வரை வந்தது. அந்த வார்த்தை தனக்கு என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியும். அதனால் விழுங்கிவிட்டாள். முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, "தூ!" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மயில் பின்னாலேயே ஓடிவந்தார், நாலடி தள்ளி நின்றுகொண்டார். "கோவிச்சுக்காதே தனபாக்கியம். உன் போட்டோ பிரமாதமா வந்திருக்கு, மேலிடத்துல ஒரே பாராட்டு. அடுத்த வருஷம் நீதான் விழிப்புணர்வுத் தூதர். மேடையில உனக்குத் தனி நாற்காலி. மைக்கை மட்டும் தொட வேணாம்."

"யாரு பேசுவா?"

"ஞானசிகாமணிதான். அவரைவிட்டா யாரு அழகா ஒப்பிப்பா?"

நீதி: தொட்டால் ஒட்டாது, கூடி உட்கார்ந்தால் தொற்றாது, ஆண்டுக்கணக்கில் காதில் ஊற்றினாலும் பரவவே பரவாது, விழிப்புணர்வு.